எல்லாவற்றையும் அணைத்த பிறகும்

ராத்திரி பதினொன்றரை மணி. மாடிப்படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை ஈபி மீட்டர் மேல் அடித்துக்கொண்டு, அதில் மினுக்குகிற சிவப்புப் புள்ளியை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று வரும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்தது. ஹவுஸ் ஓனரம்மா. "என்ன தம்பி, இந்த நேரத்துல?" என்றார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. மாட்டிக்கொண்ட பயம் என்று நான் முடிவு கட்டினேன். சும்மா பார்க்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டு மாடி ஏறிவிட்டேன். அந்த நடுக்கத்தை எவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறேன் என்பது இன்னமும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டைக் காலி செய்து இவ்வளவு நாளாகியும் போகவில்லை.

2021 ஜூனில் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். தென்சென்னையில், பெயரில் மட்டும் ஏரி மிச்சமிருக்கிற ஒரு நகர். கீழே ஓனரம்மா தனியாக, மேல் போர்ஷனில் நானும் மனைவியும் பையனும். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ், தனித்தனி மீட்டர். வாடகைக்கு வீடு பார்த்து அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஓனரே விலை வைக்கிற வீடுகளில் இருந்துவிட்டு வந்தவன் நான். அந்த முதல் நூறு இலவச யூனிட் அப்போதெல்லாம் நான் வாழ்ந்த வீட்டுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. இங்கே எல்லாம் நேர்மை. ரீடிங் எடுக்கிறவர் வருவார், என் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும், நானே கட்டிவிடுவேன். இரண்டு மாதத்துக்கு 380, 400, மிஞ்சிப்போனால் 420 யூனிட். ஏசி இல்லை. மனைவியின் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றுதான் எங்கள் வீட்டின் பெரிய தீனிக்காரன்.

2023 ஏப்ரலில் வந்த பில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வெயில், ஃபேன் கூடுதலாக ஓடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஜூனில் வந்ததைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டேன். 812 யூனிட். 4,670 ரூபாய்.

நம் ஊர் மின்கட்டணத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் எப்படிச் சேர்ந்து வந்தன என்று புரியும். 2022 செப்டம்பரில் ஏற்றிய, அப்போது நடப்பிலிருந்த கட்டணப்படி 420 யூனிட்டுக்கு 1,245 ரூபாய். யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் மட்டும் நான்கு மடங்கை எட்டிப் பார்க்கிறது. காரணம் அந்த ஐந்நூறு என்கிற கோடு. 500 யூனிட்டில் நிறுத்தினால் அன்றைக்கு 1,725. ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கோட்டைத் தாண்டினால் 101லிருந்து 200 வரைக்குமான சலுகை விலை போய்விடும், மேலே ஏற ஏற, அன்றைய கணக்கில் எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று யூனிட் விலையும் ஏறும். ரீடிங் எடுக்கிறவர் இரண்டு நாள் தள்ளி வந்தால் மாதச் சம்பளக்காரன் பதறுவது இந்தக் கோட்டை நினைத்துத்தான்.

சரி, மீட்டர் கோளாறு. வேறு என்னவாக இருக்கும்? பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். என் அப்பா ஒரு படி மேலே போய், இந்த எலெக்ட்ரானிக் மீட்டர் எல்லாமே ஓடுகிற ஓட்டம், பழைய சக்கர மீட்டர்தான் யோக்கியம் என்றார். சக்கர மீட்டரில் அலுமினியத் தட்டு ஒன்று சுழலும், அதன் விளிம்பில் கறுப்புக் கோடு இருக்கும், வேகமாகப் போகிறதா மெதுவாகப் போகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அதனால் வந்த நம்பிக்கை அது. உண்மையில் வயதான சக்கரம் உராய்வில் மெதுவாகி நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன ஜீரோ வாட்ஸ் பல்பையெல்லாம் அது கண்டுகொள்ளாது. அப்பாவிடம் இதைச் சொன்னால் எடுபடாது. நமக்குச் சாதகமான பொய்யை யோக்கியம் என்று கொண்டாடுவது அவருக்கு மட்டுமா பழக்கம்.

கட்டுவேன், ஆனால் கேட்க முடியாது

ஈபி ஆபீசுக்குப் போனேன். நான் பயந்த மாதிரி யாரும் விரட்டவில்லை. ஒரு பொறியாளர் பொறுமையாகவே சொன்னார்: மீட்டர் மேல் சந்தேகம் என்றால் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள், கட்டணம் கட்டுங்கள், மீட்டரைக் கழற்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் மனுவில் மின் நுகர்வோர் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்கதான் நுகர்வோரா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இணைப்பு ஓனரம்மாவின் கணவர் பெயரில் இருந்தது. அவர் நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். இரண்டு வருஷமாக இறந்துபோன ஒருவரின் பெயரில் நான் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு ஆறேழு மாதம் முன்னால்தான் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி ஊரே அல்லாடியது, நினைவிருக்கும். அந்தப் பக்கத்தில் உரிமையாளர், வாடகைதாரர் என்று தனித்தனியாக விருப்பம் கேட்டார்கள். உரிமையாளர்தான், ஆனால் பெயர் மாற்றவில்லை என்பதற்கும் ஒரு விருப்பம் இருந்தது. பாதி ஊரின் கதை அது. நான் வாடகைதாரர் என்று அழுத்தி ஆதாரை இணைத்தபோது, அப்பாடா, நமக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த இடம் ஆதாருக்கு மட்டும்தான் என்பது ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

ஓனரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பெயர் மாற்றிவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் மீட்டரைப் பரிசோதித்துவிடலாம். அவர் முகம் மாறிவிட்டது. "இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்? வாரிசுச் சான்றிதழ் அது இதுன்னு கேப்பாங்க. நீங்க கரண்ட பாத்து செலவு பண்ணுங்க." வாரிசுச் சான்றிதழ் என்ற சொல் அவர் வாயிலிருந்து எவ்வளவு வேகமாக வந்தது என்பதை நான் கவனித்தேன். கணவரின் தம்பி குடும்பத்தோடு அவர்களுக்கு வீட்டு விஷயத்தில் ஏதோ மனத்தாங்கல், பெயர் மாற்றப் போனால் பழையதெல்லாம் கிளம்பும் என்கிற பயம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மீட்டரை யாரும் திறந்து பார்ப்பதை இந்த அம்மா விரும்பவில்லை என்பதுதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து மின்சாரச் சட்டத்தைப் படித்தேன். 2003ஆம் வருஷத்துச் சட்டம். படித்தால் நம்பிக்கை வரத்தான் செய்கிறது. யாருடைய வளாகம் மின்சாரம் பெற இணைக்கப்பட்டிருக்கிறதோ அவரும் நுகர்வோர்தான் என்கிறது. இணைப்புக் கேட்கும் உரிமை கட்டட உரிமையாளருக்கும் உண்டு, குடியிருப்பவருக்கும் உண்டு என்கிறது. தொகையில் தகராறு இருந்தால் ஆட்சேபத்தோடு முந்தைய ஆறு மாதச் சராசரியைக் கட்டினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று 56ஆவது பிரிவு சொல்கிறது. ஓனர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லாம் சரி. அட்வான்ஸ் பணம் யாரிடம் இருக்கிறது? பையனுக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? இருபது நாளுக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு முன்னால் 56ஆவது பிரிவு நிற்குமா? பதினெட்டாவது நாள் 4,670ஐயும் முழுசாகக் கட்டினேன்.

கட்டியதற்கு அப்புறம்தான் சந்தேகம் உண்மையிலேயே வளர ஆரம்பித்தது. அதுவரை மீட்டர் மேல் இருந்த சந்தேகம் மெல்ல ஆள் மேல் நகர்ந்தது. ஓனரம்மா வீட்டு வாஷிங் மெஷின் மொட்டை மாடியில் இருக்கிறது, அதற்கு லைன் எங்கிருந்து போகிறது? போர் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது? பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து கீழே இரண்டு ஏசியும் ராவெல்லாம் ஓடியதே, அது எப்படிக் கட்டுப்படியாகிறது இவர்களுக்கு? மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகிற சாக்கில் வயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பையன் கீழே போய் ஓனரம்மா வீட்டில் டிவி பார்ப்பது வழக்கம். "இனிமே போக வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டான். என்னத்தைச் சொல்ல.

சிவப்புப் புள்ளி

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும். எங்களுடையதில் 3200. இது தெரிந்தால் யாரும் வீட்டிலேயே மீட்டரைச் சோதித்துவிடலாம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு எண்ணினால் ஒரு நிமிஷத்துக்கு ஐம்பத்து மூன்று மினுக்கு வர வேண்டும். ஒரு பகல் நேரத்தில் அதைத்தான் செய்தேன். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. மீட்டர் யோக்கியமாகத்தான் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது, நம்ப மாட்டீர்கள்.

அப்புறம்தான் அந்த ராத்திரி. மேலே எங்கள் வீட்டு எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். ஃபிரிட்ஜ் உட்பட. மனைவியும் பையனும் இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். கீழே வந்து பார்த்தால் புள்ளி மினுக்கிக்கொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு. கணக்குப் போட்டால் 900 வாட். வீடே அணைந்து கிடக்கும்போது என் மீட்டரில் 900 வாட் ஓடுகிறது, கீழ் வீட்டு ஜன்னலில் ஏசியின் சத்தம் கேட்கிறது. இனி என்ன ஆதாரம் வேண்டும்? கதவு திறந்ததும் அந்தக் குரல் நடுங்கியதும் அப்போதுதான்.

மறுநாள் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அடுத்த நாள் காலையில் ஒரு போர்மேன் வந்தார், ஓய்வு பெறுகிற வயசு, கையில் டாங் டெஸ்டர், வயரைக் கவ்வி அதில் ஓடுகிற கரண்டை அளக்கிற கருவி. ஓனரம்மாவும் வெளியே வந்து நின்றார். நான் என் கண்டுபிடிப்பை ஒரு வக்கீல் மாதிரி எடுத்து வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே மீட்டரில் இன்னொரு சின்ன விளக்கைக் காட்டினார். ஈ, எல் என்று இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் அசையாமல் எரிகிற சிவப்பு. "இத பாக்கலையா சார்?" பார்த்திருந்தேன். ஏதோ பவர் விளக்கு என்று நினைத்திருந்தேன். கீழே ஏசியைப் போடச் சொன்னார், மேலே எங்கள் எம்சிபியை இறக்கச் சொன்னார். என் மீட்டரிலிருந்து போகிற வயரில் டாங் டெஸ்டரைக் கவ்வ வைத்தால் ஒன்றுமில்லை. திரும்பி வருகிற கறுப்பு வயரில் கவ்வ வைத்தால் நான்கு ஆம்பியர்.

"சார், மீட்டர் கரெக்டாத்தான் எழுதுது. உங்க நியூட்ரல்ல கீழ் வீட்டுக் கரண்ட் வருது."

இங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஓனரம்மா மூன்றடி தூரத்தில் நிற்கிறார். "அப்ப எங்க லைன்லேர்ந்து திருடியிருக்காங்க, அப்படித்தானே?"

ஓனரம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பழைய வெள்ளை அட்டை. ரீடிங் எடுக்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அட்டையில் எழுதுவதில்லை, ஓனரம்மா மட்டும் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து அதில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் வரிசையைக் காட்டினார். எப்போதும் 480ஐத் தாண்டாத கணக்கு 530. ஐந்நூறு கோட்டைத் தாண்டி 1,605 கட்ட வேண்டிய இடத்தில் 2,190. "அப்ப ஏசியே போடல. பசங்க மே மாசம்தான் வந்தாங்க. எனக்கும்தான் ஏறியிருக்கு" என்றார் போர்மேனிடம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னமும் என்னைப் பார்க்காமலே, "நான் இவங்க மேல கரண்ட் அடுப்பு வெச்சிருக்காங்களேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆக, ராத்திரி பதினொன்றரைக்கு மீட்டர் பக்கத்தில் நான் குந்தியிருந்ததை அவர் எப்படிப் பார்த்திருப்பார்? தன் லைனில் கை வைக்கிற மாடி வீட்டுக்காரன். வீட்டில் தனியாக இருக்கிற அறுபது வயது மனுஷி, உள்ளே பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள். நடுக்கம் அதனால் வந்தது.

போர்மேனுக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கச் சிரிப்பு. அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன். கரண்ட் ஒரு வயரில் வீட்டுக்குள் போகும், இன்னொரு வயரில், அதாவது நியூட்ரலில், திரும்பி வரும். போனதும் வந்ததும் சமமாக இருக்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து, எர்த்தில் இறக்கி, மீட்டரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதற்காகவே இந்த மீட்டர்கள் இரண்டு வயரையும் பார்க்கும். இரண்டும் சமமாக இல்லை என்றால் எது அதிகமோ அதைக் கணக்கில் எழுதும், அந்த ஈ-எல் விளக்கையும் எரியவிடும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. இரண்டு வீட்டு நியூட்ரலும் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். கீழே ஏசிக்குப் போன எட்டு ஆம்பியர், திரும்பும்போது இரண்டு வழி கிடைத்ததால் பாதி அவர் மீட்டர் வழியாகவும் பாதி என் மீட்டர் வழியாகவும் வந்தது. அவர் மீட்டர் போன எட்டையும் முழுசாக எழுதிக்கொண்டது. என் மீட்டர் வந்த நான்கை எழுதிக்கொண்டது. நாங்கள் இண்டக்‌ஷன் அடுப்பைப் போடும்போது இதே கதை தலைகீழாக. ஒரே கரண்ட் ஒன்றரைத் தடவை எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டு மீட்டரையும் அருகருகே பார்க்கச் சொன்னார். அவருடையது இரண்டு தடவை மினுக்க என்னுடையது ஒரு தடவை. ஒரு துளி கள்ளமில்லாமல் இரண்டும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

எம்சிபியை இறக்கினால் போகிற வயர்தான் அறுபடும், நியூட்ரல் அப்படியே இருக்கும். மீட்டர் பக்கத்தில் இருக்கிற மெயின் சுவிட்ச் இரண்டையும் சேர்த்து வெட்டும். அன்று ராத்திரி அதை இறக்கியிருந்தால் புள்ளி நின்றிருக்கும், நானும் இரண்டு நிமிஷமாவது யோசித்திருப்பேன். அது கீழே இருக்கிறதே, ஓனர் பக்கத்துப் பொருளாச்சே என்று தொடவில்லை.

சேர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிஷம் ஆனது. மாடிப்படி விளக்குக்கு மேலே இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ். பிப்ரவரியில் தெருவில் ஒரு செயின் பறிப்பு நடந்து, பயந்துபோய் ஓனரம்மா படிக்கட்டில் கேமரா வைத்தார். வைத்த பையன் பெட்டிக்குள் இருந்த எல்லாக் கறுப்பு வயரையும் சேர்த்து முறுக்கி ஒரே டேப்பாகச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை கறுப்பு என்றால் கறுப்புதானே. திருடனைப் பிடிக்க வைத்த கேமரா.

போர்மேனிடம் கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கேட்டுப் பார்த்தேன். "மீட்டர் வரைக்கும் நாங்க சார். மீட்டருக்கு அப்புறம் நீங்க" என்றார். நியாயம்தான். ஆனால் அந்த 'நீங்க' என்கிற சொல்லைச் சொல்லும்போது அவர் கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ பொதுவாக ஆடியது. நானும் ஓனரம்மாவும் அவரவர் அது மற்றவர்தான் என்று நினைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த மாதம் வாடகை கொடுக்கப் போனபோது நான் கேட்காமலே 1,500 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். என்ன கணக்கு என்று தெரியவில்லை. எனக்குப் போனது 3,425, பாதி என்றால் 1,712 வர வேண்டுமே என்றாள் மனைவி. அவர்களுக்கும்தானே ஏறியது, அதைக் கழித்திருப்பார்கள் என்றேன். கணக்கில் எப்போதும் தெளிவாக இருப்பவள் அவள்தான், இருந்தாலும் அதோடு விட்டுவிட்டாள். நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி ஓனரம்மா ஒருநாளும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு மூன்று தடவை படியிறங்கிப் போய், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டுவிட்டு ஏறியிருக்கிறேன். பையன் மறுபடியும் கீழே டிவி பார்க்கப் போக ஆரம்பித்தான். கதவு முன்பு மாதிரி திறந்தே கிடக்காது, தட்டினால் திறப்பார்கள்.

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். பள்ளிக்கூடம் மாறியதால்தான், வேறு காரணம் இல்லை. இப்போதைய வீட்டில் குடியேறிய அன்றைக்கே மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். புது ஓனர், ரிட்டயரான வாத்தியார், பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பழைய இணைப்பில் என் செல்போன் எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நாங்கள் இல்லாத வீட்டின் பில் தொகை, ஓனரம்மாவின் கணவர் பெயரில் இருக்கிற அந்த இணைப்பு எண்ணோடு என் போனுக்கு இன்னமும் வருகிறது. மேல் வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி வந்திருக்கிறார்களாம், சிக்கனக்காரர்கள், ஆயிரத்தைத் தாண்டியதில்லை. போன வாரம் வந்த எஸ்எம்எஸ்ஸில் 2,300 சொச்சம். ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. ஏசி வாங்கியிருப்பார்கள். அல்லது யாராவது மறுபடியும் அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்கள். ஓனரம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.